எம்டன் கதையில் ஊழுக்கு எவ்வளவு இடம்?

வணக்கம் நண்பரே. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், வரலாற்றில் நடந்ததுபோல் சென்னையைச் சுட்டுவிட்டுத் திரும்பிப் போகாமல், ஜெர்மானியர் இராயபுரத்தில் கரையிறங்கியதாகக் கதை எழுதுவதாகவும், நாயகி ஒவ்வொன்றுக்கும் ஈ சிங் என்ற பழைய சீனக் குறிநூலைக் கேட்டே நடப்பதால் கதை பொம்மலாட்டமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை நூலில் இல்லை; அதன் 64 குறிகள் மாறிக்கொண்டிருக்கும் நிலையைக் காட்டி, முடிவைக் கேட்டவரிடமே விட்டுவிடுபவை.

ஆனால் காசிமேட்டு மீனவப் பெண்ணுக்கு அந்நூல் எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. அவளைப் பூக்கட்டிப் பார்க்க வையுங்கள்: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து நூலால் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, வேண்டாத சிவப்பே வந்த பின்பும், கணவனின் கட்டுமரத்தை இருட்டில் கடலுக்குள் தள்ள அவள் தோள் கொடுக்கட்டும். ஊழைவிட வலியது எது என்று 380ஆம் குறளில் கேட்ட வள்ளுவரே, தளராமல் முயல்பவர் அந்த ஊழையும் புறங்காண்பார் என்று 620ஆம் குறளில் சொல்கிறார். உங்கள் நாயகி மூச்சுவிட வேண்டிய இடம் அவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொன்று: கப்பல் திரும்பிப் போய்விட்ட சென்னையை அவள் கனவில் ஒருமுறை காணட்டும், எது மெய், எது மாயை என்று அவளுக்கு எவரும் விளக்க வேண்டாம்.