கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும்

(சுங்கை சிப்புட் பிள்ளைகளும் பெற்றோரும் பாறை ஏறுவது பற்றிக் கேட்ட கேள்விகளும், ஏறிப் பழகிய அக்கா ஒருவர் தந்த பதில்களும்)

அக்கா, எங்கள் தாமானில் பாறை ஏறுகிறவர் ஒருத்தர்கூட இல்லை. துணைக்கு ஆள் எங்கே தேடுவது?

சுவர் இருக்கிற இடத்தில் தேடுங்கள், தம்பி. ஏறிப் பழகுவதற்கென்றே கட்டிய உள்ளரங்கச் சுவர் ஒன்றுக்கு வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம் போய்ப் பாருங்கள். அதே முகங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முதலில் போல்டரிங் பக்கம் போங்கள். நாலைந்து மீட்டர் சுவர், கீழே தடித்த மெத்தை. கயிறும் வேண்டாம், துணையும் வேண்டாம். இரண்டு தடவை ஏறிவிட்டு மூச்சு வாங்க உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் "அந்த இடத்தில் கால் எங்கே வைத்தீங்க?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

அதைவிட முக்கியமானது, பிலே கற்றுக்கொள்வது. அதாவது கீழே நின்று, ஏறுகிறவருக்குக் கயிறு விட்டுப் பிடிப்பது. ஏற ஆசைப்படுகிறவர்கள் நிறைய பேர். கவனமாகக் கயிறு பிடிக்கிறவருக்குத்தான் தட்டுப்பாடு. அது உங்களுக்குத் தெரிந்தால் துணை உங்களைத் தேடி வரும். முறையான பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து மட்டும் வேண்டாம்.

ஒருவர் நல்ல துணையா என்று எப்படித் தெரியும்? நன்றாக ஏறுகிறவராகப் பார்க்கலாமா?

எவ்வளவு நன்றாக ஏறுகிறார் என்பதை நான் பார்ப்பதே இல்லை. கையைத்தான் பார்ப்பேன். கயிற்றின் பிரேக் பக்கத்தை, அதாவது பிலே கருவியிலிருந்து வெளியே வரும் பக்கத்தை, பிடித்த கை ஒரு நொடிகூட விலகக்கூடாது. கிரிகிரி போன்ற பிலே கருவி கயிற்றை இறுக்க உதவும், உண்மைதான். அதற்காகக் கையை எடுத்துவிட்டு போன் பார்க்கிறவரோடு நான் ஏற மாட்டேன்.

அப்புறம், ஏறுவதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல துணை அருகில் வந்து, உங்கள் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) வாரை இழுத்துப் பார்ப்பார். கயிற்றை ஹார்னஸில் கட்டிய உங்கள் எட்டு வடிவ முடிச்சை விரலால் தொடர்ந்து, இரண்டு இழையும் சேர்ந்தே ஓடுகிறதா என்று பார்ப்பார். தன் பிலே கருவியையும், காராபினர் என்ற கொக்கி வளையம் பூட்டியிருப்பதையும் உங்களுக்குக் காட்டுவார். பல வருடம் ஏறியவர்களும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறார்கள். "எல்லாம் சரி, ஏறு ஏறு" என்று அவசரப்படுத்துகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, கயிற்றின் மறுமுனையில் முடிச்சு போடுகிறாரா? ஏறியவரை இறக்கும்போது கயிறு போதாமல், முனை கருவிக்குள்ளே நழுவிப் போய் ஆள் விழுவது அனுபவசாலிகளுக்கும் நடந்திருக்கிறது. கயிறு மேலே போய்த் திரும்பிக் கீழே வருவதால், 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டருக்கு மேல் போன வழியிலிருந்து ஆளைத் தரை வரை இறக்க முடியாது. அந்த முனையில் ஒரு முடிச்சு இருந்தால் உயிர் தப்பும்.

நான் 50 கிலோ, நண்பன் 85. பரவாயில்லையா?

கயிறு முன்பே மேலே மாட்டியிருக்கும் டாப் ரோப்பில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, சமாளிக்கலாம். லீட், அதாவது கயிற்றைத் தானே வழியில் மாட்டிக்கொண்டே ஏறும்போது, அவர் விழுந்தால் நீங்கள் மேலே தூக்கி எறியப்படுவீர்கள். அதற்கு ஓம் என்று, சுவரில் பதித்த முதல் போல்ட்டில் மாட்டுகிற ஒரு கருவி உண்டு. புதிதில் உங்கள் எடைக்குக் கிட்டத்தட்ட வருகிறவரோடு பழகுங்கள்.

ஹார்டுவேர் கடை நைலான் கயிறு போதுமா?

போதாது. பாறை ஏறும் கயிறு, விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கடைக் கயிறு அப்படிச் செய்யாது.

என் மகள் முன்பின் தெரியாதவர்களோடு பத்துமலைக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. தைப்பூசத்துக்கு நாம் படியேறுகிற அதே சுண்ணாம்புக் குன்றின் வேறொரு பக்கத்தில் டாமாய் சுவர் இருக்கிறது. போல்ட் அடித்த வழிகள் உள்ள இடம், புதியவர்களும் வருவார்கள். ஆனால் முதல் சந்திப்பு அங்கே வேண்டாம். உள்ளரங்கில் சில தடவை சேர்ந்து ஏறட்டும். பிறகு மூன்று நான்கு பேராகப் போகட்டும், முடிந்தால் அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். யாரோடு, எந்தச் சுவருக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதை உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். மனசு சரியில்லை என்றால் ஏறாமல் திரும்பி வரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். காலையிலேயே கிளம்பட்டும், மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும்.

துணை தேடி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரும் பதில் தரவில்லை.

"யாராவது ஏற வர்றீங்களா?" என்று மட்டும் போட்டிருப்பீர்கள். எந்த நாள், எந்த இடம், உங்கள் எடை, டாப் ரோப் பிலே தெரியுமா, லீட் தெரியுமா, மோட்டாரா காரா என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். கயிறு இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருத்தர் கொண்டு வருவார்.