மலேசியாவில் இருந்தபடியே, தாத்தா பிறந்த தமிழ்நாட்டுக் கிராமத்தின் மக்கள்தொகையையும் பஸ், ரயில் வசதியையும் எப்படித் தெரிந்துகொள்வது?

போன வருடம் நானும் இதைத்தான் தேடினேன். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். முதலில் தாலுகாவைக் கண்டுபிடியுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்த ஒரு பழைய கடிதம். ஊர்ப் பெயருக்குக் கீழே ‘ஜெயங்கொண்டம் வழி, உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா’ என்று இருந்தது. இன்றைய திருச்சி மாவட்டத்தில் தேடினால் அந்த ஊர் கிடைக்காது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது அந்தப் பகுதி அதோடு போனது. 2001இல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருடமே திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆனால் உடையார்பாளையம் தாலுகா இன்றும் அதே பெயரில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

சரி, மக்கள்தொகைக்கு வருவோம். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இந்தியக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் மாவட்டக் கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு கிராமத்துக்கும் எத்தனை வீடுகள், ஆண்கள், பெண்கள், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பயிர் செய்பவர்கள், விவசாயக் கூலிகள் என்று வரிசையாக இருக்கும். அரியலூர் மாவட்டத்தின் மொத்தக் கணக்கு 7,54,894 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கிராமத்தில் இருப்பவர்கள்.

ஆனால் எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அப்பாவின் முகம் வாடிப்போனது. கடைசியில் விஷயத்தைச் சொன்னவர், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஜெயங்கொண்டம் பக்கத்துத் தம்பி. “அது தனிக் கிராமம் இல்லைண்ணே, பக்கத்து ஊரோட சேர்ந்த குக்கிராமம்” என்றார். கணக்கெடுப்பு வருவாய் கிராமத்தின், அதாவது அரசின் நிலக் கணக்கில் தனியாக இருக்கும் கிராமத்தின் பெயரில்தான் வரும். அதைச் சேர்ந்த குக்கிராமங்கள் பட்டியலில் தனியாக வராது. ஆகவே உங்கள் ஊர் காணவில்லை என்றால் பதற வேண்டாம், அது எந்த வருவாய் கிராமத்தில் சேர்ந்தது என்று விசாரியுங்கள்.

அதே கையேட்டில் போக்குவரத்துக்கும் பத்திகள் உண்டு: அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, தார்ச்சாலை, மாட்டு வண்டிகூட. வசதி ஊரில் இல்லையென்றால் பக்கத்தில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள், பி என்றால் 5 முதல் 10, சி என்றால் அதற்கும் மேல்.

இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று. ‘பஸ் உண்டு’ என்று இருந்ததை நம்பிப் போனோம். உண்டுதான், ஆனால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைக் கையேடு சொல்லாது.

அப்புறம் ஒன்று. பழைய முகவரியில் இருக்கும் அந்த ‘வழி’யைக் கவனியுங்கள். கடிதம் எந்த ஊர் வழியாகப் போனதோ, பெரும்பாலும் அங்கேதான் நீங்களும் பஸ் மாற வேண்டியிருக்கும். ஜெயங்கொண்டத்துக்கு ரயில் கிடையாது, ரயிலில் வருபவர்கள் அரியலூர் நிலையத்தில் இறங்கலாம். நாங்கள் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போய், சிதம்பரம் பஸ் ஏறி ஜெயங்கொண்டத்தில் இறங்கினோம். காலை டவுன் பஸ் போய்விட்டதால் ஆட்டோ பிடித்தோம். டிரைவர் எந்தத் தெரு என்று கேட்டதற்கு, அதுவரை அந்த ஊரைப் பார்த்தே இராத அப்பா, “ஏரிக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி” என்றார். தாத்தா சொல்லக் கேட்டது. கோயில் அங்கேயே இருந்தது.

உங்கள் தாத்தாவின் முகவரியில் என்ன தாலுகா, எந்த ஊர் வழி என்று கீழே எழுதுங்கள். இப்போது அது எந்த மாவட்டம் என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.