எதற்கெடுத்தாலும் தேடிப் பார்க்காமல் சொந்தமாக யோசிப்பது எப்படி?

பெங்களூரில் ஐடி வேலை, சின்னச் சிக்கலுக்கும் கை முதலில் கூகுளுக்குத்தான் போகிறது என்கிறீர்கள். உங்கள் ஊரில் ராமன் ஆய்வுக் கழகத்தை நிறுவிய சி.வி. ராமனையே பாருங்கள்.

1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது கடலின் நீலம் அவரை உறுத்தியது. அது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு ஏற்கெனவே சொல்லியிருந்தார். நோபல் வாங்கியவர் சொன்னால் யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? ராமனிடம் ஒரு நிகோல் பட்டகம், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம், இருந்தது. அதைத் திருப்பி, தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை மட்டும் மறைத்துப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் அடர்ந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது! பம்பாய் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதே நேச்சர் அறிவியல் இதழுக்கு எழுதிவிட்டார். சிதறும் ஒளியில் ஒரு பங்கு நிறம் மாறுகிறது என்ற ராமன் விளைவு, அதற்கப்புறம் 1928-இல்தான் வந்தது.

அவருடைய மூளையைவிட, கையோடு சோதனைக் கருவி வைத்திருந்த பழக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூளையைக் கடன் வாங்க முடியாது, பழக்கத்தை வாங்கலாம்.

அல்சூரில் மெட்ரோ ஏறினால் ஒயிட்ஃபீல்ட் வரை நேரம் இருக்கிறதே. நேற்று மாட்டிய பிழைக்குக் காரணம் என்னவென்று உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதுங்கள். அது தப்பென்றால் எதில் தெரியும் என்பதையும் எழுதுங்கள். ஆபீசில் அதைச் சோதித்துவிட்டு அப்புறம் தேடுங்கள். டெட்லைன் அன்றைக்கு மட்டும் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.