ஆரம்ப வகுப்புப் பிள்ளையும் வீடும்: திருகோணமலைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகவும் பிறகு ஆசிரிய ஆலோசகராகவும் திருகோணமலை மாவட்டத்தில் வேலை செய்தவள் நான். தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் வீட்டின் பங்கு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு அம்மா: ரீச்சர், நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இவர் கடலுக்குப் போகிறவர். மகன் தரம் 2. எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டப்படுகிறான். எனக்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?

தங்கச்சி, ஆறாம் வகுப்பு வரை படித்த உங்களுக்குத் தரம் 2 தமிழ்ப் புத்தகம் வாசிக்க வரும். அது போதும். மகனை விரல் வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். எந்த இடத்தில் தடக்குப்படுகிறான் என்று மட்டும் பாருங்கள்.

இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் 'கோழி' போன்ற சொல்லில்தான் தடக்குப்படுவார்கள். முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் கால். பிள்ளை கொம்பையும் எழுத்தையும் கண்டவுடனே 'கே' என்று சொல்லிவிடும். பின்னால் நிற்கிற காலைக் கவனிக்காது. அதனால் 'கேழி' என்று வாசிக்கும். ஏச வேண்டாம். அவன் விரலைப் பிடித்து அந்தக் காலின் மேல் வைத்து, "இதையும் சேர்த்துப் பார்" என்றால் தானாகத் திருத்திக்கொள்வான். அன்றைக்கு அதே மாதிரி கோடு, தோணி, சோறு, மோர் என்று நாலைந்து சொல் மட்டும் வாசிக்க வையுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துப் படிப்பிப்பதால் இந்தப் பலன் வராது.

அப்புறம், பேச்சு. "இன்றைக்குப் படித்தாயா?" என்று கேட்டால் "ஓம்" என்று முடிந்துவிடும். "ரீச்சர் சொன்ன கதையில் நரி பிறகு என்ன செய்தது? நீ என்றால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லப் பிள்ளை நாலு வசனம் பேச வேண்டிவரும். அப்படிப் பேசிப் பழகிய பிள்ளைக்குத்தான் பிறகு வாசித்தது விளங்கும், எழுதவும் வரும்.

கணக்குக்கு அவரைப் பிடியுங்கள். கறிக்குக் கொண்டுவரும் சூடையில் 24 மீனை மகனிடம் கொடுத்து, நாலு சமக் கூறாக வைக்கச் சொல்லட்டும். பிறகு மூன்று கூறாக. ஒரு கூறில் ஏன் இப்போது மீன் கூடியது என்று கேட்கட்டும். வகுத்தல் என்ற பாடம் வகுப்பில் வரும்போது அவனுக்கு அது தெரிந்த விஷயமாக இருக்கும்.

லிங்கநகரிலிருந்து ஒரு அப்பா: பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் ஒன்றில் காசு, இல்லாவிட்டால் சிரமதானம். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று யாரும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. பெற்றோர் ஈடுபாடு என்றால் இவ்வளவுதானா?

இல்லை. உங்கள் கோபம் நியாயமானது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த விஷயத்தை நீண்டகாலம் ஆராய்ந்த ஜொய்ஸ் எப்ஸ்டீன், பாடசாலையும் குடும்பமும் சேரும் வழிகளை ஆறாகப் பிரித்தார். பிள்ளை வளர்ப்பில் குடும்பத்துக்குத் துணை நிற்பது, இரு பக்கமும் தகவல் போய்வருவது, பெற்றோர் பாடசாலைக்கு வந்து உதவுவது, வீட்டில் கற்றலுக்கு உதவுவது, முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு சேர்ந்து இயங்குவது. சிரமதானம் இதில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாரி மழைக்கு ஒழுகும் வகுப்பறையில் யாராலும் படிக்க முடியாது. ஆனால் கூரை திருத்திய பிறகு, அதன் கீழே இருக்கிற பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். அதற்கு முன் மூன்று நாலு பெற்றோர் சேர்ந்து அதிபரை மரியாதையாகச் சந்தித்து, நாங்கள் இதைத்தான் கேட்கப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியவை இவை: தரம் 3 பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பந்தியைத் தாங்களாக வாசித்து விளங்குகிறார்கள்? முடியாத பிள்ளைகளுக்கு இந்தத் தவணையில் என்ன செய்யப்போகிறோம்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? குறை கண்டுபிடிக்கும் குரலில் கேட்டால் எல்லோரும் தங்களைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் பதில் வரும்.

முதல் அடியைப் பாடசாலைதான் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளையின் நிலை பற்றிய விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் எடுக்காதபோது நீங்கள் எடுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய்: வெள்ளாமை வெட்டும் நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் வயலுக்குப் போய்விடுவோம். மூத்தவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துச் சின்னவனைப் பார்க்க விடுகிறோம். மாதத்தில் இரண்டு நாள்தானே?

மாதம் இரண்டு நாள் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய இருபது நாள். பாடசாலை நடப்பதே 200 நாள் அளவில்தான். பத்தில் ஒரு பங்கு போனால் அதை நீடித்த வரவின்மை என்று அமெரிக்காவில் கணக்கெடுக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்குவதையும் கண்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து, முறை வைத்து ஒருவர் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தவளை அனுப்புங்கள், அம்மா.

கட்டாரிலிருந்து ஒரு சகோதரி: அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். மகள் கிண்ணியாவில் என் உம்மாவோடு இருக்கிறா, தரம் 3. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வேலை முடிந்து அழைப்பு எடுக்கும்போது பிள்ளை தூங்கிவிடும்.

வஅலைக்கும் ஸலாம். உங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. பிள்ளையை எழுப்ப வேண்டாம். மகள் பின்னேரம் தன் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தை வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பட்டும். நீங்கள் இரவில் கேட்டு, நன்றாக வாசித்த ஒரு இடத்தையும் திருத்த வேண்டிய ஒரு சொல்லையும் குரலிலேயே சொல்லி அனுப்புங்கள். காலையில் உங்கள் குரல் காதில் விழப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்.

குர்ஆன் ஓதப் போய் வந்த களைப்போடு பதிய வைக்காதீர்கள். அதற்கு முன்னோ, சாப்பிட்டுச் சற்று ஆறிய பிறகோ வையுங்கள். உம்மும்மாவுக்கு வாசிக்கத் தெரியாதது பெரிய குறையில்லை. அவ கதை சொல்லட்டும், மறுநாள் பிள்ளை அதே கதையைத் திருப்பிச் சொல்லட்டும். முக்கியமான இன்னொன்று: வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, உங்கள் எண்ணையும் கொடுங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் கதைக்க ஆள் இல்லை என்று ஆசிரியர் நினைத்துவிடக் கூடாது.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒருவர்: தரம் 4 மகனின் ஒப்படைகளை மனைவிதான் வெட்டி ஒட்டி முடிக்கிறா. சரியா?

சரியில்லை. கோணலாக வெட்டினாலும் அவனே வெட்ட வேண்டும். உங்கள் வேலை, அதற்கென்று ஒரு நேரமும் இடமும் ஒதுக்கி, அந்த நேரத்தில் தொலைக்காட்சியையும் போனையும் நிறுத்தி வைப்பது.

உவர்மலையிலிருந்து ஒரு அம்மா: மகள் இந்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறா. காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் ஒன்று, இரவில் கடந்தகால வினாத்தாள். இப்போது விடியற்காலையில் வயிற்றுநோ என்று அழுகிறா. இவர் நிறுத்த விடமாட்டாராம்.

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், அந்த நோவைப் பொய் என்று எடுக்காதீர்கள். பயத்திலும் களைப்பிலும் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வயிறு நோகும்.

அவரோடு இருந்து கதைக்கும்போது இதைச் சொல்லுங்கள். அந்தப் பரீட்சை இரண்டு காரியத்துக்காக இருக்கிறது: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம், பெரிய பாடசாலைகளில் இடம். 200 புள்ளியில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் பிள்ளை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சாதாரண தரமும் உயர்தரமும் இனித்தான் வரப்போகின்றன. பத்து வயதில் புத்தகத்தைக் கண்டு வயிறு நோகப் பழகிய பிள்ளை அந்த நீண்ட தூரத்தை எப்படி நடக்கும்?

இந்த வயதில் ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். ஒரு ரியூசனை இன்றே நிறுத்துங்கள், காலையில் உள்ளதை. தினமும் ஒரு வினாத்தாளுக்குப் பதிலாகக் கிழமைக்கு இரண்டு செய்து, பிழைத்த கேள்விகளை மட்டும் அவவோடு இருந்து பாருங்கள். பின்னேரம் விளையாட விடுங்கள். நானும் வகுப்பில் பிள்ளைகளை இந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தவள்தான். தூங்கி எழும்பி வந்த பிள்ளை கேள்வியை வாசிக்கும் விதமே வேறு.

ஈச்சிலம்பற்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியை: பெற்றோர் கூட்டம் வைத்தால் கால்வாசிப் பேர்தான் வருகிறார்கள். அக்கறையில்லாதவர்களை எப்படி மாற்றுவது?

மகள், அக்கறையில்லை என்ற முடிவை முதலில் விடுங்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிவேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். வந்தாலும் எல்லோர் முன்னாலும் "உங்கட பிள்ளை வாசிக்குதில்லை" என்று கேட்க வேண்டிவரும். அடுத்த முறை அவர் ஏன் வருவார்?

வேலை இல்லாத நேரமாகப் பார்த்து வையுங்கள். கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, செய்து காட்டுங்கள். ஒரு பிள்ளையை முன்னால் இருத்தி, எழுத்து அட்டையை வைத்து எப்படி விளையாடுவது என்று காட்டி, அட்டைகளைப் பெற்றோர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். கனடாவின் மோனிக் செனெஷல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இதைத்தான் சொன்னார்: பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்ட பெற்றோரைவிட, எழுத்தையும் வாசிப்பையும் சொல்லிக்கொடுக்கும் முறை காட்டப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள்.

பிள்ளை நல்லது செய்த அன்றைக்கு ஒரு அழைப்பு எடுங்கள். பாடசாலை எண்ணைக் கண்டாலே பயப்படும் பெற்றோர் அதற்குப் பிறகு தொலைபேசியைத் தூக்குவார்கள்.

கூட்டத்துக்கு வராத வீட்டுக்கு நீங்கள் போகலாம். அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் 1998 இல் தொடங்கிய முறை ஒன்றில் ஆசிரியர்கள் இருவராக, முன்கூட்டியே சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகிறார்கள். முறைப்பாடு எதுவும் சொல்வதில்லை. இந்தப் பிள்ளை எப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நம் ஊரில் வாசலுக்கு வந்த ரீச்சருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள், அதனால் இது இங்கே இன்னும் சுலபம். எல்லா வீட்டுக்கும் இந்தத் தவணையில் போக முடியாவிட்டால் இடாப்பை எடுத்து, வரவு குறைந்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.