சுவர் ஏறிக் குதிக்காதவர்கள்

கேள்வி: டிரம்ப் சுவர் கட்டுவேன் என்றபோது பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் சிரித்தீர்கள். இன்று மெக்சிகோ எல்லையில் ஆள் நடமாட்டமே இல்லையாம். வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர் வைக்காதவன் யார்? நாட்டுக்கு மட்டும் கூடாதா?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: கூடாது என்று யார் சொன்னது? யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்யும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதில் வழக்கே இல்லை. நீங்கள் சொல்லும் வேலையைச் செய்தது சுவர்தானா என்பதுதான் வழக்கு.

தேதிகளைப் பாருங்கள். 2023 டிசம்பரில், அந்த ஒரு மாதத்தில் மட்டும், எல்லையைத் தாண்டிப் பிடிபட்டவர்கள் சுமார் 2,50,000 பேர். அதற்கு முன் எந்த மாதத்திலும் அவ்வளவு பேர் இல்லை. அடுத்த டிசம்பரில் 47,000. 2025 மார்ச்சில் 7,000 சொச்சம். இந்தப் பதினைந்து மாதங்களில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி புதுச் சுவர் எதுவும் எழவில்லை. 2023-ல் நின்ற அதே இரும்புக் கம்பங்கள்தான் 2025-லும் நின்றன. உச்சம் தொட்டபோது வேடிக்கை பார்த்த சுவருக்கு, கூட்டம் குறைந்ததும் மாலை போடுவானேன்?

மாறியவை வேறு. 2024 தொடக்கத்தில் மெக்சிகோ அரசு ரயில்களிலும் பேருந்துகளிலும் வடக்கே போனவர்களைப் பிடித்துத் தன் தென்கோடிக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அந்த ஜூனில் பைடன், எல்லை தாண்டி வந்தவர்கள் புகலிடம் கேட்பதற்குக் கடும் கட்டுப்பாடு போட்டார். 2025 ஜனவரியில் டிரம்ப் அந்தக் கதவை ஏறக்குறைய முழுசாகவே சாத்தினார். அது நியாயமா என்பது தனிக் கேள்வி. ஆட்கள் குறைந்தது இதனால்தான்.

புகலிட விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சுவர் கோட்டைவிட்ட இடம் அதுதான். அமெரிக்கச் சட்டப்படி, எந்த வழியாக வந்திருந்தாலும் அந்த மண்ணில் கால் வைத்தவர் ‘ஊருக்குத் திரும்பினால் எனக்கு ஆபத்து’ என்று மனுக் கொடுக்கலாம். டெக்சாஸில் எல்லை என்பது ரியோ கிராண்டே ஆறு. ஆற்றின் நடுவில் சுவர் எழுப்ப முடியாது. வெள்ளப்போக்கு பற்றி மெக்சிகோவுடன் ஒப்பந்தமும் இருக்கிறது. எனவே கரையிலிருந்து தள்ளி, சில இடங்களில் நன்றாக உள்ளே தள்ளி, கட்டியிருக்கிறார்கள். ஆற்றைக் கடந்து கரையேறியவர் சுவரைத் தொடுவதற்கு முன்பே அமெரிக்காவில் நிற்கிறார்! அப்படி வந்த குடும்பங்கள் சுவர் ஏறிக் குதிக்கவில்லை, ஓடி ஒளியவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து காவல் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பிடிபடுவதுதானே அவர்கள் திட்டமே! வழக்கு குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போகும். 2023 முடிவில் அங்கே தேங்கிக் கிடந்த வழக்குகள் 30 லட்சத்துக்கு மேல். தீர்ப்புக்குப் பல வருடம் ஆனது; அதுவரை உள்ளே இருக்க முடிந்தது, சில மாதம் கழித்து வேலை செய்ய அனுமதியும் கிடைத்தது. சுவருக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை நீதிபதிகளுக்குச் செலவழித்து ஆறு மாதத்தில் தீர்ப்பு சொல்லியிருந்தால், பொய் மனுவோடு வருகிறவன் வந்தே இருக்க மாட்டான்.

உங்கள் காம்பவுண்டு சுவருக்கு வருகிறேன். அது திருடனுக்குச் சரி. விருந்தாளியாக வாசல் வழியாக வந்து, காபி குடித்துவிட்டு, கிளம்பாமல் தங்கிவிடுகிறவரை அது என்ன செய்யும்? 2019 நிதியாண்டில் விசா கெடு தாண்டி அமெரிக்காவில் தங்கியவர்கள் சுமார் 6,76,000 பேர் என்பது அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. இவர்கள் விமானத்தில் வந்தவர்கள், கப்பலில் வந்தவர்கள். 30 அடி உயரச் சுவரை இவர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

சுவரால் பலனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவின் சான் டியேகோவைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடும். 1992-ல் அந்தப் பகுதியில் பிடிபட்டவர்கள் சுமார் 5,65,000 பேர். வேலி, விளக்கு, கூடுதல் காவலர் என்று 1994-லிருந்து இறுக்கினார்கள். 2000-ல் அது ஒன்றரை லட்சமாகச் சுருங்கிவிட்டது. மீதிப் பேர் எங்கே? கிழக்கே, அரிசோனா பாலைவனத்துக்கு நகர்ந்தார்கள். டூசான் பகுதியில் 1992-ல் 71,000 பேர் பிடிபட்டார்கள், 2000-ல் 6,16,000. ஊருக்குள் ஓடி மறைய சில நிமிடம் போதும் என்கிற இடத்தில், காவலருக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது சுவர். எல்லை முழுக்க 3,100 கிலோமீட்டர் தூரத்துக்கு அதே பலனை எதிர்பார்ப்பது பேராசை. பாலைவனத்தில் என்ன நடந்தது என்பதையும் கணக்கில் சேருங்கள். 2022-ல் மட்டும் அந்த எல்லையில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 686 பேரைப் பதிவு செய்திருக்கிறது ஐ.நா.வின் குடிபெயர்வு அமைப்பு.

இன்னொரு விபரீதமும் நடந்தது. அதற்கு முன்பெல்லாம் மெக்சிகோ ஆண்கள் அறுவடைக்குப் போவார்கள், சம்பாதிப்பார்கள், ஊர் திரும்புவார்கள். 1942 முதல் 1964 வரை அமெரிக்க அரசே ‘பிராசெரோ’ என்ற பெயரில் ஒப்பந்தம் போட்டு அவர்களை அழைத்தது. ஒப்பந்தம் நின்றது, வேலை நிற்கவில்லை. அதே ஆள் அதே தோட்டத்துக்குப் போனால் இப்போது அவன் சட்டவிரோதி. சரி, அப்போதும் போய் வந்துகொண்டுதான் இருந்தான். எல்லை இறுகி, கடத்தல்காரனுக்குக் கொடுக்கும் கூலியும் ஏறியபின், ஊருக்குப் போனால் திரும்ப முடியுமோ என்ற பயத்தில் அங்கேயே தங்கினான். மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டான். உரிய அனுமதியின்றி அமெரிக்காவில் வாழும் ஆவணமற்றோர் தொகை 1990-ல் சுமார் 35 லட்சமாக இருந்து, 2007-ல் 1.2 கோடியைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று, அந்தக் குடிபெயர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டக்ளஸ் மாஸி சொல்கிறார்.

‘இஸ்ரேலில் பலித்ததே’ என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். பலித்தது, உண்மை. எகிப்து எல்லை வழியாக 2011-ல் 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். வேலி வந்தபின் 2013-ல் சில டஜன் பேர்தான். ஆனால் அது 240 கிலோமீட்டர் சொச்சம், ராணுவம் காக்கும் எல்லை. அதோடு, வந்தால் விசாரணையின்றி மூன்று ஆண்டு வரை அடைத்து வைக்கலாம் என்ற சட்டமும் 2012-ல் அமலுக்கு வந்தது.

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் சுவருக்காக 4,650 கோடி டாலர் ஒதுக்கியது. அதே நாட்டில், வேலைக்குச் சேர்பவருக்கு அங்கே வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்று கணினியில் சரிபார்க்கும் ‘இ-வெரிஃபை’ ஏற்பாடு இன்றுவரை நாடு முழுவதற்கும் கட்டாயமில்லை. எதிர்ப்பவர்களில் முன்வரிசை, பண்ணை முதலாளிகள். வயலில் பயிர்வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஆவணமற்றவர்கள் என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையே சொல்லும்போது, அவர்கள் எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? 2019 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் ஏழு கோழி இறைச்சி ஆலைகளில் சோதனை போட்டு ஒரே நாளில் 680 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள். மேலாளர்கள் மீது வழக்குப் பதிய ஓர் ஆண்டு ஆனது. எத்தனை பேர் மீது தெரியுமா? நான்கு.