கொண்டியும் குலதெய்வமும்: பூட்டுக்கடை அண்ணாச்சி பதில்கள்

பங்குனி உத்திரம் நெருங்குது. நெல்லை டவுனில் பூட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் நம்ம ஆட்கள் கேட்டவை.

குடும்பத்தோட ரெண்டு நாள் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போறோம் அண்ணாச்சி. எந்தப் பூட்டு நல்லது? (அம்பாசமுத்திரம்)

எல்லாரும் பூட்டைத்தான் கேக்கிய. திருடன் அந்தப் பூட்டை மாட்டுற கொண்டியைத்தான் நெம்புவான். ஒரு வீட்டில் பாத்தேன்: திண்டுக்கல் மாங்காப் பூட்டு, ஒரு கீறல் இல்ல, கொண்டியோட சேர்ந்து வீட்டு முன்பக்கத் தார்சாவில் கெடக்கு. முக்கால் இஞ்சு ஸ்குரூ நாலும் மரத்தூளோட பிடுங்கிட்டு வந்திருக்கு. கதவை ஊடுருவுற போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்குங்க. முன்வாசலுக்குத் தேக்கு, புறவாசலுக்குத் தகரம்னு இருந்தா அதையும் பாருங்க. போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க. அப்புறம் கோலம். விடிஞ்சும் கோலம் விழாத வாசல், ஆள் இல்லன்னு எழுதி ஒட்டின மாதிரி. பக்கத்து வீட்டு அக்காவை நாலு புள்ளி வைக்கச் சொல்லுங்க. சாவியை மீட்டர் பெட்டியில வைக்காதிய.

சாமி விளக்கை எரியவிட்டுப் போகலாமா? (தச்சநல்லூர்)

வேண்டாம். எலி திரியை இழுத்தா திருடனே தேவையில்ல.

சுடலைமாடன் காவல் இருக்கையில கேமரா எதுக்கு? (வள்ளியூர்)

ஒரு மாடன் கோயில் உண்டியலுக்கு நான்தான் பூட்டு மாத்தினேன். ரெண்டு பூட்டு, மேல துணி சுத்தி அரக்கு முத்திரை. மாடன் கோவிக்கல. 2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் வயசான தம்பதி முகமூடித் திருடங்களை நாற்காலியால அடிச்சு விரட்டினதை ஊரே பாத்தது கேமராவாலதான். ஆனா விரட்டினது நாற்காலி. கேமரா சாட்சிதான், காவல் இல்ல.

உண்டியல் மனுசன் வச்ச காசு. வீட்டை மாடன் பாத்துக்கிடுவார். (மறுபடியும் வள்ளியூர்)

சரி, கதவைத் திறந்து போட்டுத் தூங்குங்க. தூங்குவியளா?

கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா (வீண்)னு பைபிள்ல சங்கீதம் 127 சொல்லுதே? (பாளையங்கோட்டை சித்தி)

அதுலயும் காவலாளி முழிச்சுத்தான் இருக்கான் சித்தி. அவனை வீட்டுக்குப் போன்னு யாரும் சொல்லல.

ஒட்டகத்தைக் கட்டிட்டு அல்லாஹ்வை நம்புன்னு எங்க ஹதீஸ். (மேலப்பாளையம்)

பாய் ஒரே வரியில முடிச்சிட்டாரு.

கட்டுற கயித்துக்கும் அருள் வேணும்லா? (வள்ளியூர்தான்)

வேணும். நம்ம கடையில கயிறு இல்ல, கொண்டிதான் இருக்கு.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில...?

மேல முதல் பதில்ல சொன்னதை வாசிங்க. தொட்டியும் மீட்டர் பெட்டிதான்.

தனியா இருக்கேன். கவசம் சொல்லிட்டுப் படுத்தாலும் அஞ்சு தடவை எந்திரிச்சுத் தாழ்ப்பாளைப் பாக்கேன். சாமியை நம்பலன்னு ஆயிருமா? (சுத்தமல்லி)

ஆகாதுக்கா. எங்க அம்மா தாழ்ப்பாள் போடும்போதே "போட்டாச்சு முருகா"ன்னு சத்தமாச் சொல்லுவா. காதுல விழுந்தது நினைவுல நிக்கும், அப்புறம் எந்திரிக்க மாட்டா. கதவுக்கு உள்ளே குறுக்கே ஒரு இரும்புப் பட்டை போடுங்க. போன்ல அவசர எண் 112 முதல்ல இருக்கட்டும். உங்க கொண்டியை ஒரு படம் எடுத்து அனுப்புங்க, ஸ்குரூ தெரியணும்.