மஞ்சளைக் கழித்தாயா, தம்பி?

வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் நின்று ஓய்வுபெற்ற பேராசிரியை, வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எம்.எஸ்சி. முதலாண்டு மாணவன் நான். இரும்பும் தயோசயனேட்டும் எந்த விகிதத்தில் சேர்ந்து சிவப்பு நிற அணைவு (இரண்டும் பிணைந்த சேர்மம்) ஆகின்றன என்று ஜாப் முறையில் கண்டுபிடிக்க வேண்டும். ஒளி உறிஞ்சல் வரைபடத்தின் உச்சி, கலவையில் இரும்பின் பங்கு பாதியாக (0.5) இருக்கும் இடத்தில் வர வேண்டுமாம். மூன்று தடவை செய்தும் இரும்புப் பக்கமாகத் தள்ளி 0.57-ல் வருகிறது. என் பிப்பெட் சரியில்லையோ? (ஒரு மாணவர், திருச்சி)

பதில்: பிப்பெட் பிடிக்கும் கை தடுமாறினால் தடவைக்கு ஒரு பக்கம் தடுமாறும் தம்பி, மூன்று தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்காது. உன் ஃபெர்ரிக் நைட்ரேட் ஸ்டாக் பாட்டிலை எடுத்து ஒரு வெள்ளைத்தாள் முன்னால் பிடித்துப் பார். பால் விடாத டீ மாதிரி இருக்கிறதா? இருக்கும். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து எந்த செமஸ்டரில் வைத்ததோ!

படிகமாக இருக்கும்போது அது வெளிர் ஊதா. கொஞ்சம் அள்ளி இரண்டு சோதனைக்குழாய்களில் போடு. ஒன்றில் தண்ணீர் விடு, இன்னொன்றில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விடு. தண்ணீர் விட்டது மஞ்சளாகும். அமிலம் விட்டதில் நிறமே இல்லை என்று சொல்லலாம். கரைசலில் இரும்பு அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. இரும்பின் மூன்று நேர்மின்சுமை இழுக்கிற இழுப்பில் அவை புரோட்டானை உதறிவிடுகின்றன. மிஞ்சும் ஹைட்ராக்சைடு ஒட்டிய இரும்புதான் மஞ்சள். நாளாக ஆக அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பாகி, அடியில் வண்டலாகக்கூடப் படியும். அமிலம் இருந்தால் இந்த உதறல் நடக்காது.

அந்த மஞ்சள், நீ அளக்கிற 450 நானோமீட்டரிலும் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். இரும்பு கூடக்கூட அதுவும் கூடும். கருவிக்கு உன் சிவப்பு எது, பழைய மஞ்சள் எது என்று தெரியாது. இரண்டையும் கூட்டித்தான் சொல்லும். உச்சி இரும்புப் பக்கம் சாய்வது அதனால்தான். 1928-ல் ஜாப் சொன்ன முறையில் மொத்த மோல் எண்ணிக்கையை மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றுகிறோம். அணைவு ஒன்றுதான் ஒளியை உறிஞ்சுகிறது என்றால் கணக்கு நேராக வரும். இல்லையென்றால் மற்றதைக் கழித்தாக வேண்டும்.

இரண்டு கரைசலையும் 0.002 மோலாரில், 0.5 மோலார் நைட்ரிக் அமிலத்திலேயே புதிதாகத் தயார் செய். (தயோசயனேட் பக்கம் அடர் நைட்ரிக் அமிலத்தைக் கொண்டுபோகாதே, நச்சுவாயு கிளம்பும்.) ஒவ்வொரு கலவைக்கும் ஒரு ஜோடிக் குழாய் வை. அதில் அதே அளவு இரும்பு, தயோசயனேட்டுக்குப் பதில் அமிலம். அந்த அளவைக் கழித்துவிட்டு வரை. கலந்த சில நிமிடங்களுக்குள் படித்துவிடு. சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும்.

நைட்ரேட் கிடைக்கவில்லை என்று ஃபெர்ரிக் குளோரைடை எடுத்துவிடாதே. நான் அப்படிச் செய்து வைவாவில் மாட்டினேன். "குளோரைடு சும்மா இருக்குமாம்மா?" என்று மட்டும்தான் வெளித்தேர்வாளர் கேட்டார். அதுவும் இரும்போடு ஒட்டிக்கொண்டு மஞ்சளாகும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நைட்ரேட் இரும்பை அவ்வளவாகப் பிடிக்காது. இந்தச் சோதனைக்கு அதைக் கேட்பதே அதற்காகத்தான்.

கேள்வி: நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கும் பழுப்பு வளையச் சோதனையில் சில பிள்ளைகளுக்கு வளையம் வராமல் கரைசல் முழுக்கப் பழுப்பாகிவிடுகிறது. ஏன்? (ஒரு பள்ளி ஆசிரியை, விருதுநகர்)

பதில்: பாதிப் பேர் குழாயைக் குலுக்கியிருப்பார்கள். அடர் கந்தக அமிலம் குழாயின் சுவரோடு வழிந்து அடியில் போய் நிற்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வளையம். குலுக்காமலே பழுப்பானால் உப்பில் நைட்ரைட் இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரைட் பழுப்பைக் காட்ட நீர்த்த அமிலமே போதும். முதலில் அம்மோனியம் குளோரைடு சேர்த்துக் கொதிக்க வைத்து நைட்ரைட்டை விரட்டிவிட்டு, பிறகு சோதியுங்கள். ஃபெர்ரஸ் சல்பேட் அன்றன்று கரைத்ததாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரேட் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கொதிக்க வைத்தால் போகுமா? (ஒரு வாசகி, தாராபுரம்)

பதில்: போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் பாத்திரத்திலேயே நின்று இன்னும் செறிவாகும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி எல்லை 45. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.